தலையணையை எடுத்துவிடுங்கள்

பட்டாசு விபத்தில் தப்பியவருக்கு மருத்துவமனை உயிரைத் திருப்பித் தருகிறது. கையையும் காலையும் பிழைப்பையும் திருப்பித் தருவது அதற்குப் பின் மாதக்கணக்கில் அளந்து செய்ய வேண்டிய உடற்பயிற்சி. விருதுநகர் மாவட்டத்தில் அதை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது?

தீக்காய வார்டில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மா, இல்லையென்றால் மனைவி, அக்கா. கழுத்திலும் நெஞ்சிலும் கட்டுப் போட்டு மல்லாந்து கிடப்பவர் வலியில் முனகுகிறார். பார்த்துக்கொண்டிருக்க மனசு கேட்பதில்லை. பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துத் தலைக்கு அண்டை கொடுக்கிறார்கள். தலை சற்று உயர்ந்ததும் கழுத்துத் தோல் தளர்கிறது, முனகல் குறைகிறது. வார்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் முதல் வேலையாக அந்தச் சேலையை உருவி எடுக்கிறார். அதையே சுருட்டித் தோள்களுக்கு அடியில் வைத்து, தலை பின்னால் சாயும்படி செய்கிறார். முனகல் மறுபடி தொடங்குகிறது. கூட இருப்பவர்களின் கண்ணுக்கு அது இரக்கமில்லாத காரியமாகத் தெரியும்.

ஆனால் அந்தத் தலையணை இருந்த இடத்திலேயே இருந்தால், சில வாரங்களில் முகவாய் நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். கீழுதடு வெளியே பிதுங்கும். வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுகும். நிமிர்ந்து எதிரில் இருப்பவரைப் பார்க்க முடியாது. தீக்காயத்தில் வலி குறைவாகத் தெரியும் நிலைதான் உறுப்பு முடங்கிப்போகும் நிலை. உலகத்தின் எந்தத் தீக்காய வார்டுக்குப் போனாலும் இதுதான் முதல் பாடம். முழங்கை எரிந்தவர் கையை மடக்கி வைத்துக்கொள்வார். அக்குள் எரிந்தவர் கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்வார். உள்ளங்கை எரிந்தவர் விரல்களை மூடிக்கொள்வார். உடம்பு தனக்கு இதமான பக்கம் சாய்கிறது. அந்த இதம்தான் பின்னால் ஊனமாகிறது.

எண்ணிக்கையில் வராதவர்கள்

முதலிப்பட்டி 2012 செப்டம்பர் 5, அச்சங்குளம் 2021 பிப்ரவரி 12, ரெங்கபாளையம் 2023 அக்டோபர் 17, செங்கமலப்பட்டி 2024 மே 9, சின்னக்காமன்பட்டி 2025 ஜூலை 1. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பகுதிகளின் ஊர்ப்பெயர்கள் இப்படித் தேதிகளோடு சேர்ந்துதான் வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகமாகின்றன. முதலிப்பட்டியில் மட்டும் 38 பேர் செத்தார்கள். ஒவ்வொரு முறையும் செத்தவர்களை எண்ணுகிறோம். நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, போர்மேன் கைதாகிறார், உரிமம் ரத்தாகிறது. "பலத்த காயங்களுடன் சிகிச்சை பெற்று வருகின்றனர்" என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்த வரிக்குள் இருப்பவர்கள் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. நம் பத்திரிகைகளும் இதற்கு விலக்கில்லை.

இந்த வட்டாரத்தில் அது வெறும் மனிதாபிமானக் கேள்வி அல்ல, சோற்றுக் கேள்வி. பட்டாசு ஆலையின் பெரும்பாலான வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. குழாய் சுருட்ட, திரி செருக, பெட்டி ஒட்ட எல்லாவற்றுக்கும் விரல் நுனி வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு காகிதத்தைக் கிள்ளிப் பிடிக்க முடியவில்லை என்றால், உயிர் பிழைத்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்த தொழில் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது என்று அர்த்தம். சமையலும் தலை பின்னுவதும் ரவிக்கை ஊக்குப் போடுவதும்கூட அதோடு போகின்றன.

ஆறிய பிறகுதான் ஆபத்து

தீக்காயம் ஆறும்போது அதனடியில் ஒருவகைச் செல்கள் உருவாகின்றன. தசையைப் போலச் சுருங்கும் திறன் அவற்றுக்கு உண்டு. புண்ணின் ஓரங்களை உள்நோக்கி இழுத்து மூடுவது அவற்றின் வேலை. சின்னக் காயத்தில் அது நல்லதுதான். மூட்டின் மேல் பெரிய காயம் என்றால், அந்த இழுவை மூட்டையே மடக்கிவிடும். மேல்தோல் மூடிக்கொண்டதும் "ஆறிப்போச்சு" என்று வீட்டுக்குக் கூட்டி வருகிறோம். இழுவை மும்முரமாக இருப்பது அந்த மாதங்களில்தான். தழும்பு முதிர்ந்து இளகுவதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

அதனால்தான் தினமும் பல தடவை மூட்டை அதன் கடைசி எல்லைவரை நீட்ட வேண்டும். தூங்கும்போது மடங்கிவிடாமல் இருக்கச் சிம்பு கட்ட வேண்டும். தழும்பு தடிக்காமல் இருக்க இறுக்கமான அழுத்த உடையை ஒரு நாளில் 23 மணி நேரம்வரை போட்டிருக்க வேண்டும். விருதுநகர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது இங்கே வாழ்பவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை பிறந்தவுடன் அந்த உடை பலர் வீட்டிலும் கொடியில் தொங்கத் தொடங்கிவிடுகிறது. நோயாளியைத் திட்டிப் பயனில்லை. மாற்றிப் போட இரண்டு உடைகளும், எந்நேரத்தில் கழற்றலாம் என்ற தெளிவான சொல்லும் கிடைத்தால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம்.

தோலுக்கு உள்ளே இன்னொன்று நடக்கிறது. அதைப் பற்றி வீட்டாரிடம் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. உடம்பின் பெரும்பகுதி எரிந்தால், உடல் தன் அடுப்பை ஏற்றிவிடுகிறது. சும்மா படுத்திருக்கும்போதே வழக்கத்தைவிட மிக அதிகமான சக்தி செலவாகிறது. அந்தச் சக்திக்காகத் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. காயம் மூடிய பிறகும் இது பல மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேல்கூடத் தொடரலாம். "நல்லாத்தான் சாப்பிடுறான், ஆனா எழுந்து நடக்கத் தெம்பில்ல" என்று வீட்டார் சொல்வதன் பின்னணி இதுதான். ஓய்வு கொடுத்தால் சரியாகும் என்று படுக்க வைத்தால் தசை இன்னும் கரையும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் கால்வெஸ்டனில் உள்ள ஷ்ரைனர்ஸ் குழந்தைகள் மருத்துவமனைக் குழுவினர் 2001-ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். உடம்பில் 40 சதவீதத்துக்கு மேல் எரிந்த குழந்தைகளுக்கு, மேற்பார்வையோடு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். தசை வலுவும் தசையின் அளவும் கூடின. அதுவரை "பாவம், பிள்ளையைத் தொந்தரவு செய்யாதீங்க" என்பதே பெரும்பாலும் வழக்கம். இன்றைக்குப் பெரிய தீக்காய மையங்களில் உடற்பயிற்சியும் மருந்துச் சீட்டின் ஒரு பகுதி.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஒட்டுத்தோல் வைத்த இடம் வியர்ப்பதில்லை, அல்லது மிகக் குறைவாகவே வியர்க்கும். முதுகும் நெஞ்சும் ஒட்டுத்தோலாக இருப்பவர் வெயிலில் நடந்தால் உடம்பின் சூடு வெளியேற வழியில்லை. மயக்கம், தலைவலி, குமட்டல் வரலாம். ஆகவே நடைப்பயிற்சி விடியற்காலையில், நிழலில், ஈரத்துணியும் தண்ணீரும் கையிலிருக்க. சென்னையிலோ ஊட்டியிலோ எழுதிய பயிற்சித் திட்டத்தை அப்படியே சாத்தூர் மே மாதத்துக்குக் கொண்டுவர முடியாது.

■ பெட்டி: உடற்பயிற்சியை எப்படி அளக்கிறார்கள்?

ஆறு நிமிட நடைச் சோதனை: 30 மீட்டர் நடைபாதை, ஒரு கடிகாரம், இரண்டு அடையாளக் கூம்புகள் போதும். ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறார், நாடித் துடிப்பும் ஆக்சிஜன் அளவும் எப்படி மாறுகின்றன என்று குறிப்பார்கள். மாதம் ஒரு முறை எடுத்தால் முன்னேற்றம் எண்ணில் தெரியும்.

போர்க் அளவுகோல்: சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்தது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை நோயாளியே 6 முதல் 20 வரை எண்ணில் சொல்வார். கருவி எதுவும் வேண்டாம்.

பேச்சுச் சோதனை: நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு: பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அதோடு வாரம் இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி.

இது யாருடைய வேலை?

உடலுக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்து எழுதித் தரும் துறைக்கு உடற்பயிற்சி உடலியங்கியல் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இது தனித் தொழில். நாள்பட்ட நோய் உள்ளவரைக் குடும்ப மருத்துவர் பரிந்துரைத்தால், துணை மருத்துவச் சேவைகளுக்கு ஆண்டுக்கு ஐந்து சந்திப்புகள்வரை அந்நாட்டு அரசுக் காப்பீடான மெடிகேர் உதவுகிறது. உடற்பயிற்சி நிபுணரும் அதில் சேர்த்தி.

நம் ஊரில் மருத்துவமனை வாசலில் அப்படியொரு பெயர்ப்பலகையைத் தேடி அலைய வேண்டாம். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இது பாடமாக இருக்கிறது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் விளையாட்டு வீரர்கள் பக்கம் போய்விடுகிறார்கள். நோயாளிகளுக்கு அந்த வேலையைச் செய்வது இயன்முறை மருத்துவர்கள். பெரிய மருத்துவமனைகளில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறை உண்டு. சென்னை கே.கே.நகரில் அதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. எந்தப் பெயரில் இருந்தாலும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு என்ன பயிற்சி, எவ்வளவு, எப்போது கூட்டணும்?

"நாள் முழுக்க உழைக்கிறோமே?"

தீக்காயம் படாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கே எந்த ஊரில் போய் உடற்பயிற்சி பற்றிப் பேசினாலும் வரும் பதில், "காலையில வேன் ஏறினா சாயங்காலம்தான் இறங்குறோம், அதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" நியாயமான கேள்வி. பதில் அந்த வேலையின் தன்மையில் இருக்கிறது. தரையில் சம்மணமிட்டோ குத்துக்காலிட்டோ உட்கார்ந்தால், மணிக்கணக்கில் அந்த இடத்தை விட்டு எழுவதில்லை. விரல்கள் மட்டும் பறக்கின்றன. கழுத்து குனிந்தபடி, முதுகு வளைந்தபடி, முழங்கால் மடிந்தபடி. இதயமும் நுரையீரலும் தொடைத் தசையும் கிட்டத்தட்ட விடுமுறையில் இருக்கின்றன. உடம்பு களைத்துப்போகிறது, ஆனால் வலுவாவதில்லை.

உட்கார்ந்தே பார்க்கும் வேலை என்ன செய்யும் என்பதை ஜெரமி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-லேயே காட்டினார். லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பேருந்து, ஒரே நிறுவனம். வித்தியாசம் கால்களில்தான்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அதற்கு எதிரான உருப்படியான ஆதாரம் ஒன்றும் தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. சென்னையில் டாக்டர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டது. உணவும் நடையும் திருத்தப்பட்டவர்களிடம் நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடம் 26.4 சதவீதம். காசில்லாத நடை, மாத்திரைக்குச் சளைக்கவில்லை.

2023 நவம்பரில் தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டம்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை ஏற்படுத்தியது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அது மாவட்டத் தலைநகரத்துக்காரர்களுக்கு எட்டும். இருட்டோடு எழுந்து சமைத்து, தண்ணீர் பிடித்து, வேனுக்கு ஓடுகிற கிராமத்துப் பெண்ணுக்கு எட்டாது. அவருக்குத் தேவை வேலையிடத்திலேயே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று இரண்டு நிமிடம் நடக்கும் அனுமதி. எண்ணிக்கைக் கூலியில் அந்த இரண்டு நிமிடத்துக்கும் விலை இருக்கிறது. அந்த விலையை ஆலைகள் ஏற்கலாம். அவர்களுக்கு இது பெரிய செலவில்லை.

எங்கே போவது?

தீக்காயம் பட்டவருக்கு முதல் படி மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளிலேயே இருக்கிறது. சிவகாசி அரசு மருத்துவமனையோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனையோ, எங்கிருந்து வீட்டுக்கு வந்தாலும் மூன்று விஷயங்களை எழுதி வாங்குங்கள். என்ன பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை. எந்தச் சிம்பு, எத்தனை மணி நேரம். மறுபடி எப்போது வர வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்டது வண்டி ஏறும்போதே மறந்துபோகும். நோயாளியைக் கவனிக்கப்போகிறவர் எதிரிலேயே அந்தப் பயிற்சிகளை ஒரு முறை செய்து காட்டச் சொல்லுங்கள். செல்போனில் படமெடுக்கலாமா என்று கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, வீட்டு வாசல். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைப் பலர் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரை தரும் திட்டமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. வட்டாரத்துக்கு ஒரு இயன்முறை மருத்துவர் என்பது ஏற்பாடு. விருதுநகர் மாவட்டத்தில் 11 வட்டாரங்கள். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அக்குள், நெஞ்சு, தொடை என்று காயம் பட்ட பெண்கள், ஆண் ஊழியரிடம் காட்டக் கூசிப் பயிற்சியையே விட்டுவிடுவது உண்டு. பெண் ஊழியர் வேண்டும் என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் போதாது. பக்கவாதம், முதுமை, எலும்பு முறிவு எல்லாவற்றையும் பார்க்கும் அதே ஒருவரால் வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமம் ஒன்றில் இருக்கும் தீக்காய நோயாளியின் விரலைத் தினமும் வந்து நீட்டிவிட முடியாது. தீக்காயப் பயிற்சிக்குத் தினசரி கை வேண்டும். எனவே வரும் நாளில் அவர் சிகிச்சை செய்வதோடு, வீட்டில் ஒருவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போவது முக்கியம். மாநிலத்தின் மற்ற வட்டாரங்களுக்கு உள்ள அதே கணக்கைப் பட்டாசு வட்டாரங்களுக்கும் வைப்பது சரியில்லை. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரங்களுக்குத் தீக்காயப் பயிற்சி பெற்ற கூடுதல் ஆட்கள் வேண்டும்.

மூன்றாவது, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்வரை உள்ள, பதிவு செய்யப்பட்ட தொழிலாளிக்குச் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை உரிமையுள்ள இடம். ஊழியர் செலுத்துவது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். கூலிச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்பதைக் காயம் படுவதற்கு முன்பே பாருங்கள். வீடுகளில் திருட்டுத்தனமாகப் பட்டாசுக்கான கருந்திரி சுற்றுகிறவர்களுக்கும், உரிமமில்லாத கொட்டகையில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்தக் கதவு மூடியே இருக்கிறது. காயம் மட்டும் அவர்களுக்குக் குறைவாகப் படுவதில்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, அரசு அறிவிக்கும் அபாயகரமான தொழிலில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும். இதை இந்த மண்ணில் எப்படி அமல்படுத்துகிறார்கள் என்பதைத் தொழிற்சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

நான்காவது, ஏற்கெனவே மடங்கிப்போன கை. "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஊரில் சொல்வதை நம்ப வேண்டாம். இழுத்துப் பிடித்த தழும்பை அறுத்துவிட்டு ஒட்டுத்தோல் வைக்கும் அறுவை சிகிச்சைகள் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஆனால் அறுவை செய்து நிமிர்த்திய கையும் பயிற்சியை விட்டால் பழையபடி மடங்கும். தீபாவளி முடிந்து ஆலைகள் பூட்டிக் கிடக்கும் வாரங்களில் கூலி இழப்பு குறைவு. அறுவைக்கும் தொடர் பயிற்சிக்கும் நாள் குறிக்க அது தோதான காலம்.

■ பெட்டி: உடனே நிறுத்துங்கள்

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், பேச முடியாத மூச்சிரைப்பு வந்தால் உட்காருங்கள். அடங்கவில்லை என்றால் 108.

இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

புதுத் தோலில் கொப்புளம், வெடிப்பு, நீர்க்கசிவு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தழும்பு இழுக்கும்போது வெளுத்து, சற்று வலிப்பது இயல்பு. அடுத்த நாள்வரை வலி நீடித்தால் அளவு மிஞ்சிவிட்டது.

அட்டை, சான்றிதழ், காசு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. தீக்காயத்தால் கை கால் இயக்கம் இழந்தவர்களும் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் உதவிகளுக்குத் தகுதி. பிறவியில் வந்தால்தான் ஊனம் என்ற எண்ணத்தில் பலர் அந்த மதிப்பீட்டு முகாம் பக்கமே போவதில்லை. உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் கீழ் "விழுதுகள்" என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. இயன்முறை சிகிச்சை உள்ளிட்டவற்றை ஒரே கூரையின் கீழ், ஊருக்குப் பக்கத்தில் தருவது அவற்றின் நோக்கம். உங்கள் பகுதியில் எங்கே என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர் வேலையிடத்தில் காயம் பட்டு வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும், தினச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்க வேண்டும். நிரந்தரக் குறைபாடு என்றால் இழந்த உழைப்புத் திறனுக்கு ஏற்ப மாதாமாதம் தனியாக. இந்தப் பணம் மருத்துவச் சான்றிதழைப் பார்த்துத்தான் வரும். புண் ஆறியதும் "வேலைக்குப் போகலாம்" என்று எழுதிவிட்டால் அன்றோடு நின்றுவிடும். கை முழுதாக நீளவில்லை, பிடிமானம் வரவில்லை, பயிற்சி இன்னும் நடக்கிறது என்பதை அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்வதோடு நிற்காமல், இயன்முறை மருத்துவர் அளந்து எழுதிய சீட்டையும் காட்டுங்கள். மூட்டு எத்தனை பாகை நீள்கிறது, கைப்பிடி எவ்வளவு வலு என்று எண்ணாக எழுதப்பட்ட அந்தச் சீட்டின் நகல் ஒன்றை வீட்டில் எடுத்து வையுங்கள். பிற்பாடு குறைபாட்டைக் கணக்கிடும் மருத்துவக் குழுவின் முன்னாலும், இழப்பீட்டு வழக்கிலும் அதையே கேட்பார்கள்.